கூடுதலாக ஒரு மணி நேரம்: சேதுபதி அவையிலிருந்து செமஸ்டர் தேர்வு வரை

ராமநாதபுரம் சமஸ்தானம் ஆதரித்த புலவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்புகள் எடுத்து வருகிறேன். அந்த வரிசையில் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரிடம் (1836–1884) வந்தபோது, புலவர் வரலாற்றுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி முளைத்தது. நாவலர் சிறு வயதிலேயே அம்மை நோயில் இரண்டு கண்களின் பார்வையையும் இழந்தவர். 'கவிச்சிங்கம்' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது ராமநாதபுரத்தில், பொன்னுசாமித் தேவர் காலத்தில். அப்படிப்பட்டவர் இன்றைக்கு இதே ஊரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தால் செமஸ்டர் தேர்வை எப்படி எழுதுவார்?

பதில் நமக்குத் தெரியும். மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். முதல்வரிடம் மனு கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலிருந்து அனுமதி வர வேண்டும். சொல்வதை எழுத ஒரு ஆள், அதாவது ஸ்கிரைப், தேட வேண்டும். எல்லாம் கூடி வந்தால் மூன்று மணி நேரத் தேர்வை நான்கு மணி நேரத்தில் எழுதலாம்.

சேதுபதி அவையில் பாடுவதற்கு அவர் இதில் ஒன்றுகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் இடையில் என்ன மாறியது? அதைத் தேடிப் போனதன் விளைவுதான் இந்தக் குறிப்பு.

அவையில் நடந்த தேர்வு

அவைக்கு வந்த புலவரைச் சோதிப்பது வாயால். ஈற்றடி ஒன்றைக் கொடுத்து மற்ற அடிகளைப் பாடச் சொல்வார்கள். பொருளைச் சொல்லி, யாப்பைச் சொல்லி, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டச் சொல்வார்கள். பழம்பாடல் ஒன்றுக்கு உரை கேட்பார்கள். காது வேண்டும், நினைவு வேண்டும், நாக்கு வேண்டும். கண் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தேர்வு நின்றுவிடாது.

அதனால்தான் தமிழில் பார்வையற்ற புலவர்கள் என்பது அபூர்வச் செய்தி இல்லை. 17ஆம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு 'அந்தகன்' என்பது பட்டத்தோடே ஒட்டிக்கொண்டது. அதற்கும் முந்தைய இரட்டைப் புலவர்களைப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. ஒருவர் மற்றவரைச் சுமக்க, ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடிப்பார்.

இதைச் சொன்னதும் 'அந்தக் காலமே பொற்காலம்' என்று நினைத்துவிட வேண்டாம். அது தயவின் காலம். பொன்னுசாமித் தேவர் மாதிரி ஒரு புரவலரின் காதில் விழுந்தால் வாழ்வு, விழாவிட்டால் ஒன்றும் இல்லை. பாம்பனில் வலை இழுப்பவர் வீட்டிலோ, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசலில் உழுபவர் வீட்டிலோ பார்வையில்லாமல் பிறந்த பிள்ளைக்கு அந்த அவைக் கதவு திறந்திருக்காது. திறமை, அதிர்ஷ்டம், சாதி, அறிமுகம் எல்லாம் சேர்ந்து வரவேண்டிய வழி அது.

1857: தாளும் கடிகாரமும்

நாவலர் இளைஞராக இருந்த காலத்திலேயே, 1857ல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கல்கத்தாவும் பம்பாயும். மூன்றுமே லண்டன் பல்கலைக்கழகத்தின் அப்போதைய மாதிரியில் அமைந்தவை. ஆரம்பத்தில் இவை பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். வேறு வார்த்தையில் சொன்னால், பல்கலைக்கழகம் என்பதே பெரிய பரீட்சை ஆபீஸ்தான்.

அந்தப் பரீட்சையின் பெருமை அதன் பொதுத்தன்மையில் இருந்தது. ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், ஒரே மணி. திருத்துபவருக்கு எழுதியவர் யார் என்று தெரியாது. புரவலரைத் தேடிப் போக வேண்டாம். சமஸ்தானத் தயவை நம்பியிருந்த சமூகத்துக்கு இது பெரிய விடுதலைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பொதுத்தன்மைக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருந்தது. அறிவு என்றால், அச்சிட்ட தாளைக் கண்ணால் படித்து, கையால் மையில் எழுதி, குறித்த நேரத்துக்குள் முடிப்பது. கம்பராமாயணம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தாலும், எழுதிக் காட்டாவிட்டால் மதிப்பெண் பூஜ்யம். பார்வையின்மை முன்பும் இருந்தது. ஆனால் அதைத் தேர்வில் தோல்வியாக மாற்றியது தாளும் கடிகாரமும்தான்.

என் வாதம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. கூடுதல் நேரத்தையும் ஸ்கிரைப்பையும் நாம் 'சலுகை' என்கிறோம். சலுகை என்றால் உரியதற்கு மேல் கொடுப்பது. ஆனால் இங்கே நடப்பது தேர்வு முறை தானே போட்ட தடையைத் தானே எடுப்பது. எடுத்துவிட்டு அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிறது!

சொல்ல ஒருவர், எழுத ஒருவர்

'நீ சொல்ல இன்னொருத்தன் எழுதினா அது எப்படிப்பா உன் பரீட்சை ஆகும்?' இந்தக் கேள்வியை ஸ்கிரைப் வைத்து எழுதும் மாணவர்கள் எல்லோரும் எப்போதாவது கேட்டிருப்பார்கள்.

தமிழ் மரபில் இதற்குப் பதில் இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும், கையும் நன்றாக இருந்தது. இருந்தாலும் அவர் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். உ.வே.சாமிநாதையர் அப்படி எழுதியவர்களில் ஒருவர். அந்தப் பாடல்கள் யாருடையவை என்று யாரும் சந்தேகப்படவில்லை. இயற்றுவது ஒரு வேலை, எழுதுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்குப் பரீட்சை ஹாலோடு வந்தது.

வியாசர்-விநாயகர் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்பது எழுதுபவர் போட்ட நிபந்தனை. பொருள் புரிந்த பிறகே எழுத வேண்டும் என்பது சொல்பவர் போட்ட நிபந்தனை. எழுதுபவருக்குப் பொருள் புரிந்தால்தான் சொல்பவருடைய சொல் சரியாகப் பதிவாகும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் தேர்வு விதிகளோ நேர் எதிராக யோசிக்கின்றன. எழுதுபவருக்குப் பாடம் தெரிந்துவிடுமோ என்பதுதான் அவற்றின் முதல் பயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹெலன் கெல்லரின் அல்ஜீப்ரா

வசதி செய்து கொடுத்தால் மட்டும் போதாது, அதை யார், எப்போது, எப்படிச் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். இதற்கு நல்ல உதாரணம் ஹெலன் கெல்லர். அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வின் முதல் பகுதியை அவர் 1897ல் எழுதினார். அவர் படித்த பள்ளியின் தலைவரே கேள்விகளை அவர் கையில் விரல் எழுத்தால் சொன்னார். பதில்களை டைப்ரைட்டரில் அடித்தார். 1899ல் இரண்டாம் பகுதி வந்தபோது ஏற்பாடு மாறிவிட்டது. தெரிந்தவர்கள் யாரும் உடன் இருக்கக் கூடாது. அறிமுகமில்லாத ஒருவர் கேள்விகளை அமெரிக்கன் பிரெயிலில் எடுத்துக் கொடுப்பார்.

மொழித் தாள்களில் சிக்கல் இல்லை. அல்ஜீப்ராவில்தான் சிக்கல். ஹெலன் கணிதம் படித்தது ஆங்கிலேய பிரெயில் குறியீடுகளில். அமெரிக்கன் பிரெயிலில் அந்தக் குறிகள் வேறு. இது தேர்வுக்குச் சில நாள் முன்புதான் தெரிய வந்தது. கணக்கோடு போராட வேண்டியவர் குறியீட்டோடு போராடினார். ஆனாலும் தேறினார், 1904ல் பட்டம் பெற்றார். கல்லூரி வேண்டுமென்றே கெடுதல் செய்யவில்லை. 'பிரெயில் கொடுத்தாச்சு' என்று கணக்கு முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். எந்த பிரெயில் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

நம் ஊரில் பார்வையற்றோர் கல்வி இதே காலத்தில்தான் தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் 1890ல் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு பிரெயில் முறை இருந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951ல்தான் வந்தது. அதன் பிறகும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு பிரெயில் வழி திறக்கவில்லை. காரணம் எளிது: மாணவர் பிரெயிலில் எழுதலாம், திருத்துபவருக்கு அதைப் படிக்கத் தெரியாதே. ஆகவே மறுபடியும் ஸ்கிரைப்.

தயவிலிருந்து சட்டத்துக்கு

சுதந்திர இந்தியாவில் இது உரிமையாக மாறியது மெதுவாகத்தான். சில தேதிகளை வரிசையாக வைக்கிறேன்.

1993ல் தேசிய பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், பார்வையற்றவர்களும் சிவில் சர்வீஸ் தேர்வை பிரெயிலிலோ ஸ்கிரைப் உதவியோடோ எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 31ஆம் பிரிவில், பார்வையற்ற மற்றும் குறைபார்வை மாணவர்களுக்குக் கல்வி நிறுவனங்களே ஸ்கிரைப் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. கவனியுங்கள், ஏற்பாடு செய்ய வேண்டியது நிறுவனம், மாணவர் இல்லை.

2007ல் இந்தியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2013ல் மத்திய அரசு தேர்வுகளுக்கான பொது வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடு நேரம் என்ற கணக்கு அதில்தான் தெளிவாக வருகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது இந்தக் கணக்கின்படிதான்.

2016ன் புதிய சட்டம் ஊனங்களின் வகையை 7லிருந்து 21 ஆக்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்களை ஒதுக்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தகுந்த வசதி செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று விளக்கம் சொன்னது. 'உனக்கு நான் ஒன்றும் கெடுதல் செய்யவில்லையே' என்று சும்மா இருந்துவிட முடியாது. சும்மா இருப்பதும் கெடுதலில் சேரும்.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கின் தீர்ப்பு வந்தது. அவர் மருத்துவப் பட்டதாரி. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. 40 சதவீத ஊனம் இல்லை என்று ஸ்கிரைப் மறுத்திருந்தார்கள். எழுத முடியவில்லை என்றால் ஸ்கிரைப் கொடுக்க வேண்டும், அதற்கு 40 சதவீதக் கோடு நிபந்தனை ஆகாது என்றது நீதிமன்றம். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இங்கே சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்த, பார்வைக் குறைபாடுள்ள சுரேந்திர மோகன் வழக்கில் 2019ல் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு, தகுந்த வசதி என்ற கோட்பாட்டையே கணக்கில் எடுக்கவில்லை என்று அதே அமர்வு சுட்டிக்காட்டி, அதை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றது.

பலனைப் பார்க்கவும் தூரம் போக வேண்டாம். மதுரையைச் சேர்ந்த பார்வையற்ற பெண் பூரண சுந்தரி, 2020ல் வெளியான சிவில் சர்வீஸ் முடிவுகளில் 286ஆவது இடம் பெற்றார்.

'ஆர்டர் எங்கப்பா?'

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பரீட்சை ஹால் வரைக்கும் வந்ததா?

பிளஸ் டூ எழுதி முடித்து ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த கோடையில், நான் ஒரு அண்ணனுக்கு ஸ்கிரைப்பாகப் போனேன். ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரி. அவருக்கு வரலாறு பாடம், கடைசி செமஸ்டர். தேர்வு எழுதிய இடம் பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை, மின்விசிறி கிடையாது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெரிய விடைகளுக்கு முதலில் தலைப்புகளை மட்டும் சொல்லுவார், பிறகு ஒவ்வொன்றாக விரிப்பார். 'தம்பி, புள்ளி வச்சுட்டியா? அடுத்த பத்தி' என்பார். எழுதியதை மறுபடி படித்துக் காட்டச் சொல்லி, ஒரு சொல்லை மாற்றுவார். விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துத் திருத்துகிற சுகம் அவருக்குக் கிடையாது. என் குரல்தான் அவர் தாள். கூடுதல் நேரம் எங்கே செலவாகிறது என்று அன்றுதான் புரிந்தது.

மூன்றாவது மணி நேரம் முடிந்து மணி அடித்ததும் கண்காணிப்பாளர் தாளை வாங்க வந்துவிட்டார்.

'சார், எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.'

'ஆர்டர் எங்கப்பா?'

அண்ணன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். கண்காணிப்பாளர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வந்தார். 15 நிமிடம் போனது. 'இதுக்கு முந்தின அஞ்சு செமஸ்டரும் இதேதான் தம்பி, அதான் பையிலேயே வச்சிருக்கேன்' என்று சிரித்தார். அந்த 15 நிமிடம் எந்த ஆவணத்திலும் பதிவாகியிருக்காது.

அந்தக் கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலை மாணவரின் சட்டைப் பையில் வந்து விழுந்திருந்தது.

தீவிலிருந்து காரைக்குடி

எங்கள் கடற்கரைக்கு இந்தக் கதையில் ஒரு தனி அத்தியாயம் உண்டு, அது தூரம். இந்தப் பகுதிக் கல்லூரிகளுக்குத் தேர்வு அலுவலகம் முதலில் சென்னையில் இருந்தது. 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் மதுரைக்கு வந்தது. பின்னர், 1985ல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டபோது காரைக்குடிக்கு வந்தது. நெருங்கித்தான் வந்திருக்கிறது. ஆனாலும் ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி 100 கிலோமீட்டருக்கு மேல். மருத்துவச் சான்றிதழும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் ராமநாதபுரத்தில், அது 50 கிலோமீட்டருக்கு மேல். 1988ல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயில் மட்டுமே தரைவழி. மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை கொடுக்கும் அந்த ரயிலும், பழைய பாம்பன் பாலம் பழுதானதால் 2022 டிசம்பரிலிருந்து புதிய பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை தீவுக்குள் வரவில்லை. இன்று தீவிலேயே அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. பாடம் வீட்டுப் பக்கத்தில் வந்துவிட்டது. கையெழுத்துகள்தான் இன்னும் பயணம் செய்கின்றன.

அடுத்தது ஸ்கிரைப் தேடுவது. மாணவரே அழைத்து வந்தால் அவர் தேர்வு எழுதுபவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது 2018ன் வழிகாட்டுதல். முறைகேடு பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர் சொல்லும் சமன்பாட்டை அந்தப் பாடமே தெரியாத ஒருவர் எப்படி எழுதுவார்? ஹெலன் கெல்லரின் அல்ஜீப்ரா வேறு வடிவத்தில் இங்கே திரும்ப வருகிறது. அதே வழிகாட்டுதல் மாவட்ட அளவில் ஸ்கிரைப் பட்டியல் வைத்திருக்கச் சொன்னது. இரண்டு நாள் முன்பே மாணவர் ஸ்கிரைப்பைச் சந்திக்க வாய்ப்புக் கொடுக்கச் சொன்னது. இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தாலே பாதிப் பாரம் குறையும்.

எல்லோருக்கும் தேவை ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செவித்திறன் இல்லாத மாணவருக்குக் கூடுதல் ஒரு மணி நேரத்தால் பெரிய பயன் இல்லை. அவருக்கு வேண்டியது வகுப்பில் சைகை மொழி. சென்னை மாநிலக் கல்லூரியில் 2007ல் அவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. தொடங்கினார்கள். நல்ல முயற்சி. ராமேஸ்வரத்துப் பிள்ளைக்கு அது ஒரு இரவு ரயில் தூரம். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தரைத்தள அறை போதும், செலவே இல்லாத ஏற்பாடு. கற்றல் குறைபாடு உள்ளவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

ராமேஸ்வரம் என்றதும் நினைவுக்கு வரும் கலாம் இந்த விஷயத்திலும் ஒரு பாடம் விட்டுப் போயிருக்கிறார். ஏவுகணைக்குப் பயன்படுத்திய இலேசான பொருளை வைத்து, போலியோ பாதித்த பிள்ளைகளுக்கு அவர் குழுவும் ஹைதராபாத் மருத்துவர்களும் காலிப்பர் செய்தார்கள். 3 கிலோவுக்கு மேல் கனத்தது சில நூறு கிராமுக்கு வந்தது. பிள்ளைகளின் கால் மாறவில்லை, காலில் கட்டிய இரும்பின் கனம்தான் மாறியது. அதற்கு முன்பு அந்தக் கனத்தையும் ஊனத்தின் பகுதியாகவே எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

கடைசியாக

அவைக்கு நெகிழ்வு இருந்தது, பொதுநீதி இல்லை. பரீட்சைக்குப் பொதுநீதி இருக்கிறது, நெகிழ்வு போதவில்லை. இரண்டையும் சேர்த்து வைக்கும் முயற்சியாகத்தான் 1995, 2016 சட்டங்களை நான் படிக்கிறேன். ஒரு புரவலரின் தயவு இல்லாமலே, நாவலருக்குக் கிடைத்த அவை ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. சேர்க்கையின்போதே 'தேர்வில் உனக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், ஆறு செமஸ்டருக்கும் அதுவே போதும். ஹால் டிக்கெட்டிலேயே '4 மணி நேரம்' என்று அச்சடித்துவிடலாம். கண்காணிப்பாளர் தேர்வுக்கு முன்பே அதைப் படித்திருப்பார். மாணவர் சட்டைப் பையில் பேனா மட்டும் வைத்துக்கொண்டு வரலாம், அதுவும் ஸ்கிரைப்புக்காக.